தண்ணிச் சட்னிக்குத் தெண்டம்

காலை ஐந்தேகால் மணி. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே முதலில் என் கண்ணில் பட்டது நீட்டிய ஓர் உள்ளங்கை. பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி முடித்து டீ தேடி வந்த நான், யாரோ பிச்சை கேட்கிறார் என்று ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை அதில் வைத்தேன். கைக்கு உரியவர் நாணயத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னது இது?"

"சும்மா, வச்சுக்குங்க."

"சும்மாவா? சும்மா குடுக்கதுக்கு நீரு யாருவே? இவருக்கும் ஒரு தெண்டம் போடுங்கலே!"

அந்தக் கைக்குப் பயப்படாத இட்லிக்காரர் மும்பை மாநகரத்தில் ஒருவர்கூட இல்லை என்பது அடுத்த சில நிமிடங்களில் எனக்கு விளங்கியது. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. தலையில் அலுமினியப் பாத்திரம் வைத்தவர்கள், சைக்கிளில் கட்டியவர்கள், எல்லோரிடமும் ஒரு ரப்பர் ஹாரன். ஒவ்வொருவராக வந்து, தன் வாளியிலிருந்து ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னியை அந்த உள்ளங்கையில் ஊற்றினார்கள். அவர் கையை மெதுவாகச் சாய்ப்பார். சட்னி மணிக்கட்டுக்கு முன்னால் நின்றால் நக்கிவிட்டு "போ" என்பார். மணிக்கட்டைத் தாண்டி ஓடினால் துண்டை எடுத்துத் துடைப்பார். துண்டை எடுத்தால் தெண்டம் விழுந்தது என்று அர்த்தம்.

தெண்டம் என்றால் திருநெல்வேலிப் பக்கத்தில் அபராதம். அவருக்குப் பெயரே தெண்டம் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும். அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்று எனக்கு விதித்த தெண்டம், வரிசையில் கடைசியாக நின்ற ஆளிடம் காசு கொடுத்து நான்கு இட்லி வாங்கித் தின்ன வேண்டும் என்பது. தின்றேன். அந்த ஆளின் பாத்திரம் முந்தைய நாள் மழையில் வழுக்கிக் கவிழ்ந்து போனது என்றும், அந்தச் சந்தில் அன்று யார் என்ன தப்புச் செய்தாலும் அவரிடம்தான் இட்லி தின்றாக வேண்டும் என்றும் பிறகு சொன்னார்கள்.

இந்தத் தொழிலில் சொத்து என்பது லைன். ஒருவர் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் தெருக்கள் அவருடைய லைன். ஒரு வாரம் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் வாடிக்கைக்காரர்கள் வடா பாவுக்குப் போய்விடுவார்கள். அல்லது சங்கத்தில் இல்லாத வெளியாள் ஒருவர் வந்து தன் ஹாரனை அடிக்கத் தொடங்குவார். லைன் போனால் போனதுதான். அதனால் ஒருவர் நோயில் படுத்துவிட்டால், மற்றவர்கள் முறைவைத்து அவர் லைனையும் ஓட்டி, விற்ற காசை அவர் வீட்டில் கொடுப்பது இட்லி வியாபாரிகள் சங்கத்தில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். அதற்கு உதவி என்று பெயர் இருந்தது. அண்ணாச்சி செயலாளர் ஆனதும் முதல் வேலையாக அந்தப் பெயரை ஒழித்தார்.

"இனிமே சங்கத்துல எவனும் எவனுக்கும் உதவி செய்யப்பிடாது. செஞ்சா தெண்டம்."

"அப்ப படுத்தவன் லைனை யாரு ஓட்டுவா?"

"தப்பு பண்ணினவன் ஓட்டுவான்."

"அந்த வாரம் யாரும் தப்பு பண்ணலைன்னா?"

"பண்ணுவான்" என்றார் அண்ணாச்சி.

பண்ணினார்கள். சங்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் மறுநாள் காலை தாராவி முழுக்கக் குற்றம் பெருகியது. ஆறு மணிக்கு முன்னால் ஹாரன் அடித்தது குற்றம். ஆறு மணிக்கு அடிக்காமல் விட்டதும் குற்றம். கூட்டத்தில் சிரித்தவருக்கு ஒரு நாள் லைன். ஏன் சிரித்தாய் என்று கேட்டவருக்கு இரண்டு நாள். காய்ச்சல் டைபாய்டு என்று ரிப்போர்ட் வந்தால் தும்மினால்கூடத் தெண்டம்.

இதற்கு என்ன காரணம் என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். நான் குடியிருந்த திலக் நகர் அவருடைய லைன். ரயிலில் லக்கேஜ் பெட்டியில் வந்து இறங்கி, சைக்கிள் மேல் நம்பிக்கை இல்லாமல், சும்மாடு வைத்துத் தலையில்தான் சுமந்து வருவார். இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் பம்பாய் வந்த புதுசுல மஞ்சக்காமாலைல கெடந்தேன். ஒருத்தரு கஞ்சி குடுத்தாரு. நல்ல மனுசன், குத்தம் சொல்லப்பிடாது. ஆனா அதுக்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டுல பாத்தாலும், 'இந்தா நிக்கான் பாருங்க, இவனுக்கு நான்தான் கஞ்சி ஊத்துனேன்'ம்பாரு. என் கல்யாணத்துலயும் சொன்னாரு. பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட. அவரு செத்த அன்னைக்குத்தான் எனக்கு அந்தக் கஞ்சி செமிச்சுது."

சட்னி ஊற்றினார்.

"குடுக்கவன் ஏசிக்கிட்டுக் குடுக்கணும். வாங்குதவன் மொறைச்சுக்கிட்டு வாங்கணும். அதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

ஞானதுரை விஷயத்தில் இந்தக் கொள்கை கடும் சோதனைக்கு உள்ளானது. நாசரேத் பக்கத்துக்காரர். மும்பையில் கோலி என்றால் ஒற்றை அறை வீடு. அவர் தன் மாடிக்கோலியிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மகா ரோஷக்காரர். சபையிலிருந்து பாஸ்டர் ஒரு மூட்டை அரிசியோடு பார்க்க வந்தபோது, அரிசியைத் திருப்பி அனுப்பியதோடு, பாஸ்டர் கையில் பத்து இட்லியும் கட்டிக் கொடுத்தவர். அவருடைய லைன் தூரத்தில், சீத்தா கேம்ப். டிராம்பே ரோட்டில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிக்க வேண்டும். தன் லைனை முடித்துவிட்டு அங்கேயும் போய்வரத் தெம்புள்ள ஆள் சங்கத்தில் ஒருவர்தான்: சுடலைமுத்து. சுடலைக்கும் ஞானதுரைக்கும் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கிரைண்டர் கல் விஷயமாகத் தகராறு.

மறுநாள் காலை சுடலை தன் முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றினார். அண்ணாச்சி கையைச் சாய்த்தார். சட்னி அசையவில்லை. கையைச் செங்குத்தாகத் திருப்பினார். அப்போதும் அசையவில்லை.

"பாத்தீயளா அண்ணாச்சி? கரண்டிய நட்டா நிக்கும்."

"நிக்கும்லா?"

"நிக்கும்."

"ஜாஸ்தி கெட்டி. தெண்டம். சீத்தா கேம்ப், கால் கூடுத வரைக்கும்."

"யாரு கால்?"

"ஒன் காலா ஒடிஞ்சிருக்கு?"

சுடலை தாராவிக்கே கேட்கும்படி கத்தினார். அண்ணாச்சி விரும்பியதும் அதைத்தான். சத்தம் மாடிக்கோலி வரைக்கும் போனது. ஞானதுரை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "நல்லா வேணும் அந்தப் பயலுக்கு" என்று சந்தோஷமாகத் தன் ஹாரனைத் தானே எடுத்துக் கொடுத்தார். அதோடு விடவில்லை. சீத்தா கேம்ப் வாடிக்கைக்காரர்களுக்குத் தினமும் போன் போட்டு விசாரிப்பார். விற்ற காசோடு இட்லியும் கொண்டுவந்து வீட்டில் வைக்கும் சுடலையிடம் படுத்தபடியே கணக்குத் தீர்ப்பார்.

"என்னலே ஹாரன் அடிக்க? என் லைன்ல ரெண்டு நீளம், ஒரு குட்டை. நீ ஆம்புலன்ஸ் மாதிரி அடிச்சா எவன் வருவான்?"

"ஒன் லைன்ல நாய்தான்வே நெறைய. அதுங்க கரெக்டா வருது."

"ஸ்கூல் பக்கத்து ஆயிஷா அக்காவுக்கு மிளகாப்பொடி வச்சியா?"

"வச்சேன். ஒன்னய விட நல்லா வைக்கேன்னு சொல்லுச்சு."

கால் கூடியதும் ஞானதுரை யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஹாரன் ரப்பரில் கீறல் விழுந்திருக்கிறது என்று சுடலையோடு நடுரோட்டில் சண்டை போட்டார். அதை எதிர்க் கடை வாசலில் நின்று பார்த்த அண்ணாச்சியின் முகத்தில் இருந்த நிம்மதியை, நான் அதுவரை கோயிலில் சில பேர் முகத்தில்தான் பார்த்திருந்தேன்.

வெளியிலிருந்து தர்மம் வந்தாலும் அவர் விடவில்லை. மாதுங்காவிலிருந்து ஒருநாள் ஒரு பெரியவர் செக்கும் கையுமாக வந்தார். பூர்வீகம் பாலக்காடு. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவரை பேங்க் மாமா என்றார்கள். செக் கொடுக்கும்போது படம் எடுக்கச் சொல்லித் தன் போனையும் என்னிடம் தந்திருந்தார்.

"ஒரு சின்ன டொனேஷன். சங்கத்துக்கு."

"வாங்குத பழக்கம் இல்லை."

"பின்னே சங்கத்தை எப்படி நடத்தறேள்?"

"தெண்டத்துல. நீங்க ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க, வாங்கிக்கிடுதோம்."

"நானா? பேங்க்ல இத்தனை வருஷம் இருந்திருக்கேன், ஒரு மெமோ வாங்கினது கிடையாதாக்கும்."

"சங்கத்து இட்லி சாப்பிட்டிருக்கியளா?"

மாமாவின் குரல் தாழ்ந்தது. "பேங்க் வாசல்ல. தினமும்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"ரெண்டு இட்லிக்கு எத்தனை வாட்டி சட்னி கேப்பிய?"

மாமா போனையும் என்னையும் பார்த்தார். நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மூணு" என்றார். "சில நாள் நாலு."

சந்தில் கூடியிருந்தவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, கிரைண்டர் மோட்டார் எரிந்துபோய்ச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினருக்குப் புது மோட்டார் வாங்கித் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மாமா அன்றே லாமிங்டன் ரோட்டில் அலைந்து வாங்கிவந்தார். அதற்குப் பிறகு மாதுங்கா மார்க்கெட்டில் யாரைப் பார்த்தாலும், "எனக்கு ஃபைன் போட்டுட்டான், கேட்டேளா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின் அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை என்றார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் தெண்டம் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அடிவயிற்றில் ஒரு புடைப்பு வந்தது. வாயு என்றார். ஓமம் தின்றார். புடைப்பு பெரிதானது. அவர் மனைவியை எல்லோரும் மயினி என்று கூப்பிடுவோம். மயினிதான் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஹெர்னியா, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கப்புறம் மூன்று மாதம் எடை தூக்கக்கூடாது, இப்போதும் தூக்கக்கூடாது, குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டார்.

மயினி சுடலையிடம் அழுதார். சுடலை அண்ணாச்சியிடம் போனார்.

"ஒங்க லைனை நான் பாத்துக்கிடுதேன். நீங்க போய்ப் படுங்க."

"எதுக்கு? தர்மமா?"

"சரி, தெண்டம் போடுங்க."

"நீ என்ன தப்பு பண்ணின?"

"என் சட்னி தண்ணி."

அண்ணாச்சி கையை நீட்டினார், சாய்த்தார், நக்கினார். "கெட்டி. போ."

"ஜாஸ்தி கெட்டிலா?"

"இல்ல. சரியான பதம்."

"அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் பொய்க் கேஸ் போட்டீயளே. ஒங்களுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டா என்ன?"

"என் லைனுக்கு நானே ஆள் புடிக்க நானே தீர்ப்புச் சொல்லதா? அதுக்குப் பேரு தெண்டம் இல்லலே. மாமூல்."

அன்று மாலை அவர் இல்லாமல் ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது. மறுநாள் காலை வரிசையில் முதல் ஆள் ஊற்றிய சட்னி, சாய்ப்பதற்கு முன்னாலேயே முழங்கை வரை ஓடியது. இரண்டாவது ஆளுடையதும் ஓடியது. மூன்றாவது வாளியில் சட்னி என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீரில் கடுகு நீந்தியது. சங்கத்தின் மொத்த வரிசையும் தலையைக் குனிந்துகொண்டு, குற்றம் செய்த முகத்தோடு, தண்டனைக்குக் காத்து நின்றது.

அண்ணாச்சி ஒவ்வொரு வாளியாகப் பார்த்தார். துண்டை எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் சாக்கடைல கொட்டு. போய்த் திரும்ப அரைச்சிட்டு வா."

"தெண்டம்?"

"அதான் தெண்டம்."

அன்று மும்பைக்கு இட்லி ஒரு மணி நேரம் தாமதம். அண்ணாச்சி மட்டும் நேரத்துக்குப் புறப்பட்டார், தலையில் முழுப் பாத்திரத்தோடு.

அந்த வாரமே திலக் நகர் ஸ்டேஷன் பாலத்துப் படியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பாத்திரம் பக்கத்தில் இருந்தது. கூட்டம் இருபுறமும் ஒதுங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. இன்னொரு கை ஹாரனை அடித்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்க முடியாததால், அங்கிருந்தே தெருவுக்குக் கேட்கட்டும் என்று அடிப்பதாகச் சொன்னார். பாத்திரத்தைத் தொடப் போனேன். "கையை எடும்" என்றார். அவர் எழுந்து நிற்க வெகுநேரம் ஆனது. நான் சுடலைக்குப் போன் செய்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நடந்தது. மயினி வாசலில் நின்றார். வரவேற்பு, போன கூட்டத்து விஷயங்கள் எல்லாம் முடிந்ததும், வேறு ஏதாவது உண்டா என்று அண்ணாச்சி கேட்டார். ஞானதுரை எழுந்தார்.

"ஒரு புகார் உண்டு."

"யார் மேல?"

"உம்ம மேல."

எல்லோரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் இயல்பாக இருந்தார். "குடு. எம்மேல குடுக்கப்பிடாதுன்னு ரூல் இல்ல."

"நான் கால் ஒடிஞ்சு கெடக்கும்போது, சட்னி சரியில்லைன்னு சுடலைக்குத் தெண்டம் போட்டீரு. அந்தச் சட்னியத்தான் தெனமும் என் வீட்டுல கொண்டாந்து ஊத்துனான். நான் தின்னேன், என் புள்ளைக தின்னுச்சு. ஒரு குத்தம் கெடையாது. முதல் தரமான சட்னி. நீரு போட்டது பொய்க் கேஸு."

முதலில் வாய் திறந்தவர் சுடலைதான்.

"அப்ப ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"வாயில வச்ச ஒடனே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுக்கிட்டா என்னய அந்த ஏச்சு ஏசுன?"

"பின்ன? கையெடுத்துக் கும்பிட்டா அண்ணாச்சிக்குப் புடிக்காதுல்லா?"

அண்ணாச்சி துண்டை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாத கையைத் துடைத்தார். பிறகு, "என் கேஸை நான் விசாரிக்க முடியாது" என்றார்.

அதற்கும் ஏற்பாடு இருந்தது. பேங்க் மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வெளியே ஆட்டோவில் காத்திருந்தார். சங்கத்தில் உறுப்பினரும் இல்லை, தெண்டம் கட்டிய அனுபவமும் உண்டு என்பது அவருடைய தகுதி. கவிழ்த்துப் போட்ட ஒரு பெரிய பாத்திரத்தின் மேல் உட்கார்ந்தார்.

"சுடலையோட சட்னி தண்ணியா, கெட்டியா?"

"கெட்டி" என்றார் அண்ணாச்சி.

"பின்னே ஏன் தெண்டம்?"

"ஜாஸ்தி கெட்டி."

"ஜாஸ்தி கெட்டி குத்தம்னு ரூல் எப்போ போட்டேள்?"

"அன்னைக்குக் காலைல."

"யாருக்காக?"

அண்ணாச்சி ஞானதுரையின் காலைப் பார்த்தார். மாமா தொண்டையைக் கனைத்தார்.

"பொய்க் கேஸ் நிரூபணம் ஆயிடுத்து. திலக் நகர் லைன் மூணு மாசத்துக்குப் பறிமுதல். இவர் பாத்திரத்தைத் தொடப்படாது. ஆபரேஷனுக்குப் போகணும். லைனை மெம்பர்கள் முறைவச்சு ஓட்டுவா. விக்கற காசு மயினி கையில போகும்."

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அது தர்மம்! காசு வீட்டுக்கு வந்தா அது தர்மம்!"

"உட்காரும் ஓய். பறிமுதல் பண்ணின சொத்தைக் கெடாம பராமரிக்கணும். அதுல வர்ற வருமானம் உடைமைக்காரனுக்குத்தான். பேங்க்ல அப்படித்தான் ஆக்கும்."

"பேங்க்ல அப்படியா?"

"அப்படித்தான்."

"அப்பீல்?"

"கிடையாது."

அண்ணாச்சி சுடலையை முறைத்தார். ஞானதுரையை முறைத்தார். மாமாவையும், எதற்கோ என்னையும் முறைத்தார். இடுப்பிலிருந்து கோலிச் சாவியை எடுத்து, பாத்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஞானதுரை முன்னால் போட்டார்.

வெளியே ஆட்டோ வரை மாமாவோடு நடந்தேன். வங்கிகளில் உண்மையிலேயே அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச எந்த பேங்க்லயும் கிடையாது" என்றார்.

ஆபரேஷன் நாளன்று காலையில் அண்ணாச்சியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க வழி இல்லை. சங்கம் முழுவதும் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேன், "அரே, யே கியா ஹை, சலோ சலோ" என்று விரட்டி விரட்டி ஓய்ந்துபோயிருந்தார். அண்ணாச்சி தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எல்லாவனும் இங்கன இருந்தா லைனை எவம்லே பாக்கான்? அத்தனை பேருக்கும் தெண்டம்!"

கதவு மூடும் வரை அவர் தெண்டம் போட்டுக்கொண்டிருந்தது கேட்டதாக மயினி சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஹாரன் சத்தமே கேட்காத திலக் நகரில் அன்று காலை நாங்கள் பிரெட் சாப்பிட்டோம்.